டேர் எடை

ஆனி மாதம். பெங்களூரா மாங்காய் வண்டிகள்
காவேரிப்பட்டணம் சாலை ஓரமெல்லாம்
இரவே வந்து வரிசை கட்டிவிடும்.
கூழ் ஃபாக்டரி வாசலில் எடைமேடை.
அதை ஒட்டிய தகரக் கூண்டில் நான்,
ஒரு மேசை விசிறி, ஒரு கம்ப்யூட்டர்,
திரைக்கு மேலே நான் ஒட்டிவைத்த மாதா படம்.

கணக்கு எளிது.
பாரத்தோடு ஏறும் வண்டி ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும் வெற்று வண்டி இன்னோர் எண்.
இரண்டாவதில் அறுபது கிலோ கூட்டு என்றார் முனிரத்தினம்.
"டிராக்டர் என்ன, வாயத் தொறந்தா சொல்லப்போவுது?"

மூன்று சீசன் கூட்டினேன்.
சீசன் முடிந்ததும் கவர் வந்தது.
காதில் கிடக்கிறதே இந்தக் கல் தோடு,
இது மாங்காய்தான்.
இதைப் போட்டுக்கொண்டுதான்
கந்திகுப்பம் கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிட்டேன்,
நன்மை வாங்க நாக்கை நீட்டினேன்.

போன தவக்காலத்து வெள்ளி ஒன்றில்
பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அப்பாலிருந்து
சாமியார் கேட்டார்: "எத்தனை தடவை?"
நாளெல்லாம் எண்களைத் தட்டுகிறவளுக்கு
வாயில் ஓர் எண் வரவில்லை.
"எண்ணிப் பார்த்துட்டு வாம்மா."
அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம். வேறெதுவும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
நாளைக்கு இருபது டிராக்டர், வண்டிக்கு அறுபது கிலோ,
நாற்பத்தைந்து நாள், மூன்று சீசன்.
பூஜ்யங்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.
நூற்று அறுபத்திரண்டு டன்.
எங்கள் மேடையே அறுபது டன்தான் தாங்கும்.

ஆண்டவர் கதவைத் தட்டுவார் என்பார்கள்.
என்னிடம் தட்டவில்லை.
வண்டியோடு வண்டியாக
டோக்கன் வாங்கிக்கொண்டு
வெயிலில் நின்றார், தன் முறை வரட்டும் என்று.

இந்த சீசனின் முதல் நாள்.
டோக்கன் பதினேழு, திம்மராயன்.
வெற்று வண்டி மூவாயிரத்து நானூற்று எண்பது.
விரல் தானாகவே அறுபதைச் சேர்த்துவிட்டது, பழக்கம்.
அழித்தேன்.
உள்ளதை அடித்தேன்.

சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
நான் என்ன எதிர்பார்த்தேனோ, அது வரவில்லை.
"என்னம்மா, கூட வருது? மெஷின் ரிப்பேரா?
அப்புறம் கழிவுல பிடிச்சிடுவீங்களா?"
குறைகிற அறுபதை அவர்
மழை பொய்ப்பதைப் போல் ஏற்றுக்கொண்டிருந்தார்.
சரியான எடைதான் அவரைப் பயமுறுத்தியது.

ரிப்பேர் மெஷினில்லை, நான்தான் என்றேன்.
மூன்று வருசம், என்றேன்.
விசிறிச் சத்தத்தில் காதில் விழுந்ததோ என்னவோ.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.
பின்னால் வண்டி ஹாரன் அடித்தது.

சாயங்காலம் முனிரத்தினம் சீட்டுக்கட்டைப் புரட்டினார்.
ஒருமுறை என்னைப் பார்த்தார், மறுபடி புரட்டினார்.
நாளைக்கு வராதே என்று சொல்லவில்லை.
வா என்றும் சொல்லவில்லை.

வழி, வழி என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம்
முள்ளும் கல்லுமாய் ஒரு மலைப்பாதையை நினைத்துக்கொள்வேன்.
இத்தனை சின்னதா அது?
நாலு எண், ஒரு என்டர்.
நாளைக்கும் இருபது தடவை.

கூண்டைப் பூட்டினேன்.
ஆளில்லாத மேடையில் ஏறி நின்றேன்.
கண்ணாடிக்குள் சிவப்பு எண் நடுங்கி நின்றது.
பத்துப் பத்தாகத்தான் அதற்குக் காட்டத் தெரியும்.
அறுபது என்றது.

தோடு இரண்டையும் கழற்றிக்
கைக்குட்டையில் முடிந்து
மேடைக்கு வெளியே வைத்துவிட்டு வந்து நின்றேன்.
அறுபதுதான்.
அவ்வளவு சின்னதை அதற்குப் பார்க்கத் தெரியாது.

முடிச்சை எடுத்துக்கொண்டேன்.
யாரிடம் கொடுப்பது, எந்தத் தோப்பில் தொடங்குவது,
ஒன்றும் தெரியவில்லை.
முதல் வண்டி காலை ஐந்து மணிக்கு.