இருபத்து நான்கு துண்டுகள்

வியாழக்கிழமை. மழை விட்ட இரண்டாம் பாடவேளை.
செம்பனை ஆலைப் புகை சன்னல்வழி வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது,
வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத மாணவனாய்.
ஆண்டு ஐந்து. பதினோரு பேர்.
ஏழாங்கட்டையில் இதற்குமேல் பிள்ளைகள் இல்லை.
நேற்றிரவு நான் கத்தரித்த
இருபத்து நான்கு தாள்துண்டுகள்
மேசைமேல் கலைந்து கிடக்கின்றன.

வாசிப்பதற்கு முன் எலும்பைத் தொட்டுப் பாருங்கள் என்கிறேன்.
பத்திக்கும் எலும்பு உண்டு.
"மீனுக்கு இருக்கிற மாதிரியா?" என்கிறான் ஷர்வீன்.
ஆமாம், தொண்டையில் சிக்கும்வரை தெரியாது.

'முதலில்', 'பிறகு', 'அதன்பின்' என்று வந்தால்
அது நடந்துபோகிற பத்தி. பின்னாலேயே போ.
'ஆனால்', 'மாறாக' என்று வந்தால்
தராசு. இரண்டு தட்டையும் பார்.
'ஏனெனில்', 'ஆகவே' என்று வந்தால்
யாரோ யாரையோ தள்ளிவிட்டிருக்கிறார்கள்;
விழுந்தவனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே.

துர்கஷினி முதலில் முடித்தாள்.
குலை வெட்டுவது, உதிரி பொறுக்குவது,
லோரியில் ஏற்றுவது, ஆலை வாசலில் எடை போடுவது.
அவள் அப்பாவின் காலைப்பொழுது அது.
ஒன்றை மட்டும் திருத்தினாள்:
"அரிவாள் தீட்டுறத விட்டுட்டீங்க, டீச்சர்."
விட்டுவிட்டேன்.
நான் கிள்ளானில் வளர்ந்தவள்.

லோகவர்ஷன் கண்ட இடமெல்லாம் 'ஆகவே' போட்டான்.
மழை பெய்தது, ஆகவே சனிக்கிழமை.
அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஆகவே புதுச் சப்பாத்து.
எல்லாரும் சிரித்தோம்.
இரண்டாவது சரிதான் என்று
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்ட பிறகுதான்
எனக்கு உறைத்தது.

நிலவரசன் பேசமாட்டான்.
அவனும் சீக்கிரம் முடித்துவிட்டு
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.
போய் எதையாவது எடுத்து வா, எந்தப் பனுவலானாலும் சரி,
அதன் அமைப்பு என்னவென்று சொல் என்றேன்.
அறிவிப்புப் பலகையிலிருந்து
குண்டூசியோடு கழற்றி வந்தான்:

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்ட காரணத்தால்
வரும் ஆண்டு முதல் இப்பள்ளி
நகரப் பள்ளியுடன் இணைக்கப்படும்.

'காரணத்தால்' இருக்கிறதே.
காரணமும் விளைவும், சரியா? என்றேன்
விடைத்தாளின் குரலில்.

அவன் தலையாட்டவில்லை.
"அப்படித்தான் எழுதியிருக்காங்க, டீச்சர்.
ஆனா இது வரிசை."

தரையில் உட்கார்ந்து என் துண்டுகளை அடுக்கினான்.
முதலில், கிளினிக்.
பிறகு, மேல் லயம்.
அதன்பின், கனகவல்லி அக்காவின் ஒட்டுக்கடை.
அதற்கும் பின், ஆறு மணி பஸ்.
"இப்ப நாம."

மீதிப் பத்துப் பேரும் சுற்றி வந்து நின்றார்கள்.
பஸ் முதலில் நின்றதா, கடை முதலில் மூடியதா
என்று கொஞ்ச நேரம் சண்டை.
பஸ்தான் என்றது பெரும்பான்மை.
அவன் மறுக்காமல் துண்டுகளை இடம் மாற்றினான்.

துர்கஷினி நோட்டீஸை எடுத்து
இரண்டு தடவை வாசித்தாள், விரல் வைத்து.
"தள்ளினவங்கள தேடச் சொன்னீங்கல்ல, டீச்சர்.
'இணைக்கப்படும்'னு இருக்கு.
யாரு இணைக்கிறாங்க?"

செயப்பாட்டு வினை
அடுத்த மாதப் பாடம்.
அப்படித்தான் சொன்னேன் அவளிடம்.
சொன்னதும் என் காது சுட்டது.

மணி அடித்தது. மைலோ வாசனைக்கு ஓடினார்கள்.
துண்டுகளைப் பொறுக்கி எண்ணினேன்.
இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினேன்.
'இறுதியாக' மட்டும் இல்லை.

மேசையடியில் பார்த்தேன், குப்பைக்கூடையில்,
கதவிடுக்கில், துடைப்பத்துக்குப் பின்னால்.
திடலுக்குப் போய்
பதினோரு சட்டைப்பைகளையும் பார்த்திருக்கலாம்.

போகவில்லை.
நோட்டீஸை இருந்த இடத்திலேயே குத்தினேன்.
கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
நிமிர்த்தவில்லை.