நான்கடி இரண்டங்குலம்

விஸ்கான்சினில், கவுண்டி சாலை டபிள்யூ-டபிள்யூ
மேடேறித் திரும்புகிற இடத்தில்
கார் நிறுத்த எட்டுக் கட்டம்,
ஒரு குப்பைத் தொட்டி, ஒரு கழிப்பறை,
இருபத்தைந்து சென்ட் போட்டால்
இரண்டு நிமிடம் தொலைவைக் காட்டும் குழல்.
குழலுக்குள் சிலந்தி குடியேறி மூன்று வருடம்.
காசு போடுகிறவர்கள் அதன் காலைப் பார்த்து
அதோ கொக்கு என்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

என் சட்டைப் பையின் மேல்
ஆர்டிஸ் ஹொவ்டே என்று தைத்திருக்கும்.
நெடுஞ்சாலைத் துறை; ஏப்ரல் முதல் அக்டோபர் வரை.
புல் வெட்டுவேன், கழிப்பறையில் தாள் வைப்பேன்,
பலகையின் மேல் எச்சம் துடைப்பேன்.

பலகையில் வெண்கல எழுத்து:
இயற்கையியலாளர் ஹைரம் லோக்ரி
சிறுவனாக இங்கே நின்று
சதுப்பில் இறங்கும் கொக்குகளைக் கண்டு
மனம் பறிகொடுத்தார்.

நின்றது உண்மை.
எங்கள் வீட்டில் ஒரு கணக்கேடு இருக்கிறது,
இந்த மேடு எங்களுடையதாக இருந்த நாளில் எழுதியது.

மே 9. லோக்ரி பையன், வயது பதினொன்று.
விதைச் சோளத்தைக் கொக்கு கிளறாமல்
தகரம் தட்டி விரட்ட. நாளுக்கு மூன்று சென்ட்.
மே 12. அதே.
மே 14. கொக்கு ஒன்று கொன்றதற்கு
கூடுதலாக ஐந்து.
மே 15. பையன் வரவில்லை.
மே 16. வரவில்லை.
மே 17. வேறு ஆள்.

அவ்வளவுதான். அடுத்த பக்கம் பன்றிக் கணக்கு.

இதைப் பலகையில் சேர்க்கலாமே என்று
மேடிசனுக்கு ஒரு கடிதம் போட்டேன்.
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று
பதில் வந்தது, ஒரு வரைபடமும் இலவசமாக.

இந்த வசந்தத்தில் வந்தது உத்தரவு.
வேலை எண் 118: காட்சியை மறைக்கும் மரங்கள், நாற்பது.
அகற்றுக. லோக்ரி கண்ட காட்சியை மீட்டெடுக்க.

ஆஸ்பென் மரங்கள்.
யாரும் நட்டதில்லை. சோளம் போடுவதை நிறுத்தியதும்
தாமாக மேடேறி வந்தவை.
காற்றே இல்லாத நாளிலும்
எதையோ மறுப்பதுபோல இலையை ஆட்டும்.

மரத்தை வெட்டாதே என்று
பன்னிரண்டு புத்தகம் எழுதினாராமே அந்த ஆள்,
என்று டெல்மர் க்ருஷ்கா சிரித்தான்
ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே.
சிரித்ததில் எண்ணெய் மூடி கை நழுவி
சரிவில் உருண்டது.

எடுக்க நான்தான் போனேன்.
ஈர மண்ணில் மண்டியிட்டு
தலை நிமிர்த்தினால்,
இலைகளுக்குக் கீழே, வெள்ளைத் தண்டுகளுக்கு நடுவே
சதுப்பு மொத்தமும்.
கோரை. கோரைக்கு அப்பால் நீர்.
நீரோரம் இரண்டு கொக்கு,
துருச்சேற்றை அலகால் வாரி
தம் சாம்பல் சிறகில் தாமே பூசிக்கொண்டு
கைவிட்ட கலப்பைபோல் நின்றன.

மூடி கிடைத்ததா என்றான் டெல்மர்.
கொஞ்சம் பொறு என்றேன்.

கீழ்க் கிளைகளை மட்டும் கழித்தோம்.
மதியத்துக்குள் வேலை முடிந்தது.
அறிக்கையில் எழுதினேன்:
காட்சி மீட்கப்பட்டது.
உயரம், தரையிலிருந்து நான்கடி இரண்டங்குலம்.
மேலிடத்திலிருந்து இன்னும் பதிலில்லை;
ஒருவேளை இன்னொரு வரைபடம் வரும்.

நேற்று ஐயோவா லாரிக்காரர் ஒருவர்
குழலில் காசு போட்டார். பலகையைப் படித்தார்.
மரம்தானே இருக்கிறது என்று
என்னிடம் கோபித்துக்கொண்டார்.
குனியுங்கள் என்றேன்.
முட்டியைத் திட்டிக்கொண்டே குனிந்தார்.
இரண்டு நிமிடத்துக்கு மேலேயே இருந்தார்.

ஒன்று நிற்கிறது, என்றார் எழாமலே.
இன்னொன்று கீழே விழுந்து கிடக்கிறது,
செத்துவிட்டதா?

இல்லை, என்றேன்.
மே மாதம். அடைகாக்கிறது.