அமுக்கு, பிடி

மிதியைத் தொட்டால் கல்லாக நிற்கிறது.
காலை எடுக்காமல் இருபது எண்ணினால்
பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோல
மெல்லத் தரைக்குச் சரிகிறது.
வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.
நான்கு சக்கரமும் காய்ந்து கிடக்கின்றன.

"ஆயில் மட்டும் ஊத்திவிடு போதும்,
ஒரு மணிக்குள்ள சேலத்துல இருக்கணும்"
என்கிறான் தவமணி.
நல்லம்பள்ளி தாண்டினால் தொப்பூர் இறக்கம்.
அங்கே லாரிகள் எப்படி இறங்கும் என்று
அவனுக்கும் தெரியும்.

ஃபைனான்ஸ்காரனுக்காகச் சாவி பிடுங்குகிற கை அவனுடையது.
போன ஆடியில், பாலக்கோடு மார்க்கெட்டில்,
மூன்று தவணை தவறிய என் லோடு ஆட்டோவை எடுத்துப் போனான்.
மேலே நாற்பத்திரண்டு கிரேட் தக்காளி.
இறக்கிக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தான்.
அதையும் சொல்ல வேண்டும்.

பதில் பேசாமல் கழற்றினேன்.
சர்க்லிப்பை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ள
ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்.
ஒரே குழாய்க்குள் இரண்டு அறை:
ஒன்று கைவிட்டாலும்
மற்றது பாதி வண்டியையாவது பிடிக்கும்.
டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளை ஊசிமுனை அளவு.
மிதித்ததும் ரப்பர் கப் அதைத் தாண்டி மூடும்;
மூடிய பிறகுதான் அழுத்தம் பிறக்கும்.

கப்பின் உதடு ஓரத்தில் தேய்ந்திருந்தது,
வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு.
முன்னால் போகவேண்டிய ஆயில்
அந்த வழியாகத் திரும்பி வந்திருக்கிறது,
வாக்குக் கொடுத்தவன் கொல்லைப்புறமாக நழுவுவதுபோல.
ஆயில், பழைய டிகாஷன் நிறம்.
எத்தனை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்ததோ.

டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்தேன். கீறல் இல்லை.
இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, புது சிலிண்டர்தான்.
பெட்ரோலில் கழுவக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.
பிரேக் ஆயிலிலேயே கழுவி, நனைத்து,
உதடு மடங்காமல் புதுக் கப்பை நுழைத்தேன்.

மடங்கவிட்டிருக்கலாம்.
யாருக்கும் தெரியாது.
அந்த எண்ணம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
விரலில் வழுக்கும் ஆயில்போல வந்து,
துணியில் துடைத்ததும் போனது.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஹெல்பர் பல்லு விளக்கவே பத்து மணிக்கு எழுகிறவன், இன்னும் வரவில்லை.
"ஏறி உட்காரு" என்றேன்.
ஆடிக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு.

தூரத்துச் சக்கரம் முதலில். பின்பக்க இடதின் அடியில் படுத்தேன்.
அமுக்கு. பிடி.
நிப்பிளைத் திறந்தால் டியூபில் இருமி இருமி
வெள்ளைக் குமிழ்கள்.
மூடினேன். விடு.
அமுக்கு. பிடி.
விடு.
டப்பா வற்றாமல் இடையிடையே ஊற்றி
நான்கு சக்கரத்துக்கும் இதே மூன்று சொல்.
ஒருமுறைகூட முந்திக் காலை எடுக்கவில்லை அவன்.
நான் சொல்லும்வரை பிடித்தே இருந்தான்.

கடைசியில் மிதி மேலேயே நின்றது.
இருபது எண்ணினேன்.
பதினொன்றிலிருந்து அவனும் சேர்ந்து எண்ணினான்.

"இறக்கத்துக்கு முந்தி
பத்து நிமிஷம் சமதரையில ஓட்டிப் பாரு."

தலையாட்டினான்.
கூலியில் ஐம்பது குறைக்கச் சொன்னான்.
குறைக்கவில்லை.