இரும்பு தின்ற முதிரை

விதை எடுக்க நாங்கள் போவது
நேரான மரங்களிடம் அல்ல.
நேரான மரங்கள் எப்போதோ
உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி
இரவோடு இரவாக மாங்குளம் தாண்டிவிட்டன.

மிஞ்சி நிற்பவை செல் பட்டவை.
கோடாலிப் பிடியால் தட்டிப் பார்த்து
'உது வேண்டாம், வாளின்ர பல்லுப் போயிடும்' என்று
மரக்காலைக்காரன் விட்டுப்போனவை.
உள்ளே இரும்பு இருக்கிறது.
அதைச் சுற்றிப் பட்டை மூடியிருக்கிறது.
ஆவணி பிறந்தால் காய் வெடிக்கிறது.

அந்தத் தட்டுதல் எனக்கு விளங்கும்.
ஒன்பது வருசம்
முழங்காலில் நின்று மண்ணைக் கேட்டவள் நான்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்.
கருவி கீச்சிட்டால்
சின்னக் கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டவேண்டும்.
மிதிவெடி என்று நினைத்தது
பல நாள் மீன்ரின், ஆணி,
ஒருநாள் தையல் மெசின் பொபின்,
நூல் சுற்றியபடி.

காடு துப்புரவு என்று கடிதம் வந்தது.
எங்களையும் துப்புரவாக அனுப்பினார்கள்.

இப்போது ஒலுமடுவில் நாற்றுமேடை, பதினாறு பேர்.
அன்று மண்ணிலிருந்து எடுத்த கை
இன்று மண்ணுக்குள் வைக்கிறது
என்று எழுதினால் வடிவாக இருக்கும்.
முழங்கால் நோவுக்கு
அந்த வித்தியாசம் தெரியாது.

ஒரு பைக்கு ஏழு ரூபா.
முளைக்காத பைக்கு இல்லை.
சம்பளம் மூன்று கிழமை பிந்தும்.
படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில்
இன்பமலர் 'காடு' என்று எழுதினாள்.
காரியாலயத்தில் வெட்டிவிட்டு
'நாட்கூலி' என்று திருத்தினார்கள்.

கஜமோகனும் எங்களோடுதான்.
பெட்டி நிறைய மரம் ஏற்றியவர்களில் அவனும் ஒருவன்.
ஆரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்:
'அப்ப காசு ராவிலதான் இருந்தது, அக்கா.'
எந்த அடிக்கட்டை எங்கே,
எது மறுபடி துளிர்த்தது, எது செத்தது,
எல்லாம் அவன் தலைக்குள் இருக்கிறது.
திணைக்களத்தின் வரைபடத்தில்
அங்கே வெறும் பச்சை மைதான்.

கூட்டம் ஒன்று நடந்தது.
'தேக்கு வையுங்கோ,
முப்பது வருசத்தில காசு' என்றார் ஐயா.
'தேக்குக்குக் கீழ கரடி என்னத்தைத் தின்னும்?'
இன்பமலர் எழும்பிக் கேட்டாள்.
'பாலை வையுங்கோ.'
'பாலையோ? அது பருக்க நூறு வருசம் போகும், பிள்ளை.'
'அப்ப நூறு வருசத்துக்கு வேலை இருக்கு.'
எல்லாரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
பழத்துக்கு ஒரு காலம், தேனுக்கு ஒரு காலம்,
கோடையில் தீ வரம்பு வெட்ட,
மாரியில் நட,
இடையில் கொடி அறுக்க என்று
விரல் மடக்கிக்கொண்டே போனாள்.
ஐயா பேனையைத் திறந்தார்.
பாதி தேக்கு, பாதி பாலையும் முதிரையும்
என்று முடிந்தது.
வெற்றி என்று சொல்லமாட்டேன்.
அடுத்த வருசப் பணம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

ஐப்பசி முதல் மழையன்று
ஆனை வந்து போனது.
காலையில் போய்ப் பார்த்தால்
மேடையின் குறுக்கே ஒரு நடை.
இருநூற்றுப் பன்னிரண்டு பை நசுங்கிக் கிடந்தது.
கஜமோகன் பதிவுக் கொப்பியைத் திறந்து
இழப்புக்குக் காரணம் என்ற இடத்தில்
'ஆனை' என்று எழுதினான்.
'இதுக்குக் காசு வெட்டுவினமோ?'
ஒருவருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து
அந்தக் காலடிக் குழி ஒன்றில் முளை கண்டேன்.
முதிரை. ஐந்து.
நாங்கள் வைத்ததல்ல.
வேலிக்கு அப்பால் நிற்கும்
இரும்பு தின்ற மரத்திலிருந்து
காற்று கொண்டுவந்தது.

கரண்டியால் பக்கவாட்டில் தோண்டி,
வேர் அறாமல்,
ஐந்தையும் ஐந்து பையில் வைத்தேன்.
கொப்பியில் ஏற்றவேண்டும்.
முப்பத்தைந்து ரூபா.
ஆருடைய பெயரில் என்று
கஜமோகன் பேனையோடு நிற்கிறான்.