யாருக்கு ஆபரேஷன்

"யாருக்கு ஆபரேஷன்?" என்றார் லாட்ஜ்காரர்
தலை நிமிராமல்.
வேலூரில் ரூம் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.
"யாருக்கும் இல்லண்ணா,
பாட்டுக் கச்சேரிக்கு வந்தோம்" என்றாள் ஜெபசெல்வி.
அப்போதுதான் நிமிர்ந்தார்.
எங்கள் மூன்று ஆதார் அட்டைகளையும்
கள்ளநோட்டு பார்ப்பதுபோல்
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

ஆம்பூரில் சனிக்கிழமை அரைநாள் ஷிப்ட்.
சோப்பு போட்டும் போகாத பசை வாடை
விரலிடுக்கில் எங்களோடு ரயிலேறிவிட்டது.
டிக்கெட் நான்கு. ஆள் மூன்று.
ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள் என்று
கோகிலவாணிக்கே
வெள்ளி ராத்திரிதான் சொன்னார்களாம்.
அவள் கேட்டு வைத்திருந்த ஜன்னலோரத்தில்
எங்கள் பைகள் உட்கார்ந்து வந்தன.

காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்தோம்.
பாலாற்றுப் பாலத்தில் நஸ்ரத் கீழே எட்டிப் பார்த்து
"இம்மாம் பெரிய மைதானம் சும்மா கெடக்கு,
கச்சேரிய இங்கயே வெச்சிருக்கலாம்" என்றாள்.
கண்டக்டர்கூடச் சிரித்தார்.

மூன்றாவது மாடி நடையில்
வாடகை ஸ்டவ்வில் கடுகெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
மால்டாவிலிருந்து வந்தவள். மிதாலி.
அவள் உடைந்த ஹிந்தியும்
நஸ்ரத்தின் ஆம்பூர் உருதும்
மீன் வெந்து முடிவதற்குள் சொந்தமாகிவிட்டன.
புருஷனுக்கு நெஞ்சில் ஏதோ. திங்கட்கிழமை அறுக்கிறார்கள்.
ஏழு மணிக்கு மேல் வார்டில் இருக்க விடுவதில்லை.
"இன்னா பண்ணுவ ராத்திரி பூரா?"
அவள் சுவரைக் காட்டினாள்.
நஸ்ரத் எங்களைக் கேட்கவே இல்லை,
நான்காவது டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

கோட்டை மைதானத்தில் செருப்பு தெரியாத புழுதி.
எட்டு மணிக்கு என்றவர்கள்
ஒன்பதே முக்காலுக்கு மைக்கைத் தட்டினார்கள்.
ஒவ்வொரு வரியும்
ஸ்பீக்கரிலிருந்து ஒருமுறை வந்தது,
கோட்டைச் சுவரில் மோதி இன்னொருமுறை,
பிறகு நஸ்ரத்தின் உருதுவில்,
பாதி தப்பாக,
மிதாலியின் காதுக்கு.

அவள் கையில் அப்போதும் எக்ஸ்ரே கவர்.
ரூமில் வைத்துவிட்டு வரச் சொன்னோம்,
மனசு வரவில்லை அவளுக்கு.
கூட்டம் நெருக்கியபோது மடங்கிவிட்டதோ என்று
உருவி, மேடைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
அது எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கிய நேரம்.
ஜெபசெல்வியும் போனைத் தூக்கியிருந்தாள்,
ஆனால் அது விளக்குக்கு இல்லை.
மறுமுனையில் கோகிலவாணி
போர்வைக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
மேடை நீலமானது, சிவப்பானது.
நான் அந்தப் பாட்டில் பாதியை
முகம் தெரியாத ஒரு மனுஷனின்
விலா எலும்புகள் வழியே பார்த்தேன்.
டிரம்ஸ் அடிக்க அடிக்க
அந்த நெஞ்சு விம்மியது.
அவள் கை ஆடியிருக்கும். தெரியும்.
இருந்தாலும் விம்மியது.

திரும்பும்போது அகழியோரம்
ஒரு தட்டு பரோட்டாவுக்கு நான்கு கை.
ஆட்டோக்காரரிடம் நாற்பது ரூபாய்க்குச் சண்டை போட்டதில்
ஜெபசெல்விக்குத் தொண்டை கட்டியது,
கச்சேரியில் கத்தி அல்ல.
லாட்ஜ் படியில் உட்கார்ந்து
ஒரே ஒரு வரியை மட்டும்
திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள் மிதாலி.
எக்ஸ்ரே கவரின் பின்பக்கம்,
வங்காள எழுத்தில்,
எங்கள் தமிழை எழுதிக்கொண்டாள்.
அவருக்குப் படித்துக் காட்ட.
ழ-வுக்கு என்ன போட்டாளோ தெரியாது.

காலையில் நடையில் ஸ்டவ் ஆறியிருந்தது.
ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாளாம்.
கோகிலவாணிக்குப் போன் போட்டோம்.
எடுக்கவில்லை.
இந்நேரம் புடவை கட்டிக்கொண்டிருப்பாள்.

சாவியை வாங்கிக்கொண்டு
அட்வான்ஸை எண்ணினார் லாட்ஜ்காரர்.
எல்லோரிடமும் கேட்கிற வாய்,
பழக்கத்தில் கேட்டுவிட்டது:
"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"இல்லண்ணா" என்றாள் நஸ்ரத்,
"நாளைக்குத்தான்."