எஸ் பதினெட்டு எல்

சிவனணைந்தபெருமாள் என்று எழுதினால்
ஆங்கிலத்தில் இருபது எழுத்து.
எழுத்துக்கு நாற்பது ரூபாய் என்றேன்.
குட்டியானையின் பின்கதவைத் தடவிக்கொண்டு நின்றான்,
சட்டையெல்லாம் வாழைக்கறை.
"சுருக்கமா ஒண்ணு பண்ணித் தாங்கக்கா.
வாசிக்கவும் முடியக்கூடாது,
பாத்தா பயப்படவும் செய்யணும்."

பேட்டை ரோட்டில் என் ரேடியம் கடைக்கு
வருகிற எல்லாருக்கும் அதுதான் வேண்டும்.
எட்டு, சைபர், ஐந்து, ஐந்து:
வாலைக் கொஞ்சம் வளைத்துவிட்டால்
பாஸ் என்று வாசிக்கும்.
எஸ்ஸுக்கு நடுவே கோடு இழுத்தால் டாலர்.
ஏ-வின் குறுக்குக்கட்டையை உருவிவிட்டால்
ஏதோ கிரேக்க தேசத்துச் சாமான்.
காலேஜ் பையன்கள் கேட்பது
முள் முளைத்த எழுத்து, ரத்தம் சொட்டும் எழுத்து;
செல்லில் காட்டுவார்கள்,
தங்களுக்கே வாசிக்கத் தெரியாமல்.
ஜங்ஷன் ஏட்டு ஒருநாள் நேரிலேயே வந்து
"யாரும்மா இந்த நம்பரை வெட்டுனது?" என்றார்.
நான் என்னத்தைச் சொல்ல.
அவர் புல்லட் டேங்கில் இருக்கும் மகள் பெயரும்
நான் வெட்டிய சிலந்தி எழுத்துதான்.

பிளேடுக்கு மொழி கிடையாது.
எல்லும் ட-வும் அதற்கு ஒரே வெட்டு.

முதல் எழுத்து, கடைசி எழுத்து.
நடுவில் நின்றவர்களைத் தலையெண்ணி
ஓர் எண்ணுக்குள் உட்கார வைத்தேன்:
எஸ், பதினெட்டு, எல்.
சிவன் தலையும் பெருமாள் காலும் வெளியே தெரிய
மிச்சமெல்லாம் பதினெட்டுக்குள்.
சுற்றிலும் தீ, இரண்டு கதவிலும் பாம்பு.
எண்ணூற்றைம்பது ஆச்சு.
"வாழத்தார் ஏலம் முடியட்டும்க்கா" என்று போனான்.

ஆடி போச்சு.
கார்த்திகையும் வந்தது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆம்புலன்ஸ் ஒன்று
நெற்றி எழுத்து உரிந்து வந்து நின்றது.
முன்னால் போகிறவன் கண்ணாடியில் நேராகத் தெரிய
வலமிருந்து இடமாக ஒட்ட வேண்டும்.
ஏ, எம், யு மூன்றும் யோக்கியர்கள்,
திருப்பிப் போட்டாலும் அதே முகம்.
பி, எல், என், சி, இ
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன,
கடன் கொடுத்தவளைக் கண்ட மாதிரி.

அப்போதுதான் தோன்றியது.
மிஞ்சிய சிவப்புத் துண்டில் மூன்று எண் வெட்டினேன்.
எட்டுக்கும் சைபருக்கும் கவலையில்லை.
ஐந்தை மட்டும் புரட்டி,
வரிசையையும் புரட்டி,
என் ஸ்கூட்டி நெற்றியில் ஒட்டினேன்.
"என்ன ஜெபக்கனி, ஏதும் வசன நம்பரா?" என்றாள்
பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி.
ஆமாம் என்றேன்.

காலை ஏழேகால், கொக்கிரகுளம் பாலம்.
முன்னால் எஸ் பதினெட்டு எல்.
பின்னாலேயே நான், விலகாமல், முந்தாமல்.
அவன் பக்கக் கண்ணாடிக்குள்
என் ஐந்து நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும்;
பிரேக் விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது.

பத்து நாள் கழித்து அதே பாலம்.
தீயும் பாம்பும் அப்படியே இருக்க
கீழே புதுசாய் ஒரு வரி.
நான் வெட்டியதில்லை, ஓரமெல்லாம் பிசிறு.
ஜி, எஸ், ஜே, இ, பி, இசட்.
வண்ணாரப்பேட்டை சிக்னலில் அறுபது நொடி.
பெயரா, ஊரா, கெட்ட வார்த்தையா?
நாற்பதாவது நொடியில் பிடிபட்டது:
ஒவ்வோர் எழுத்தும்
ஒரு வீடு தள்ளிக் குடிவந்திருக்கிறது.
பின்னால் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
எஃப். ஆர். ஐ. டி. ஏ. ஒய்.

ஹெல்மெட்டுக்குள் சிரித்துவிட்டேன்.
பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை,
டவுண் பஸ்காரன் ஆரனிலேயே ஏசினான்.

எந்த வெள்ளி என்று எழுதவில்லை.
அந்த வரிக்கும்
மேலப்பாளையத்துக் கடையில்
இன்னும் காசு கொடுக்கவில்லையாம்.