பிடி

செட்டியார் தெருவில் எங்கள் அடைவுக் கடை.
கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம்
முழங்கை நீளத்தில் ஒரு பித்தளைப் பிடி,
நாலு விரல் நுழைய இடம்விட்டு வளைந்தது.
அதைக் கண்ட எந்தக் கையும்
இழுக்கும்.

கதவு திறப்பதோ உட்பக்கம்.

மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறோம்.
தமிழில் ‘தல்லவும்’ என்று அச்சாகி வந்தது.
திருத்தச் சொல்லவில்லை நான்.
கண் எழுத்துக் கூட்டுமுன்
கை வாசித்து முடித்துவிடுகிறது.

கடைக்குள் மற்றதெல்லாம் உண்மை பேசும்.
கம்பிக் கூண்டின் அடியில் வெட்டிய அரைவட்டம்:
ஒரு கை வரலாம், முகம் வரக்கூடாது.
முதுகில்லாத ஸ்டூல்:
இருக்கலாம், தங்கக்கூடாது.
கைக்குட்டை முடிச்சும் அப்படித்தான்.
காப்பு என்றால் வட்டம் துணியை முட்டும்,
கொடி என்றால்
கனம் அடியில் சரிந்து தொங்கும்.

அவளுடையது தொங்கியது.

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி, நல்ல மழை.
வோச்சர் கருணாதிலக்க பிளேன்டீ குடிக்கப் போயிருந்தார்.
பிடியை இழுத்தாள்.
கதவு அசையவில்லை.
இடமும் வலமும் பார்த்தாள்,
களவெடுக்க வந்தவளைப் போல.
இன்னும் ஒருதரம் இழுத்தாள்.
பூட்டு என்று நினைத்திருப்பாள்.

நான் எழும்பியிருக்கலாம்.
உள்ளங்கையைக் காற்றில் வைத்து
இப்படி, என்று காட்டியிருக்கலாம்.
என் கை தராசில் இருந்தது.
தராசில் அப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

முடிச்சைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனாள்.
அன்று அவள் எதைக் காப்பாற்றினாள்,
எதைக் கட்டமுடியாமல் விட்டாள்,
எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை.

அடுத்த கிழமை மாளிகாவத்தை றிஃபாஸ் வந்தார்.
நாலு ஆணி கழற்றி, பிடியை எடுத்து,
ஒரு தட்டைத் தகடு பூட்டினார்.
பிடிக்க ஒன்றுமில்லாத தகடு,
உள்ளங்கை வைக்க மட்டும்.
அதற்குப் பிறகு ஒருவரும் பிழைவிடவில்லை.
தொட்டால் போதும், கதவு உள்வாங்கிக்கொள்கிறது.
ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று
முதலாளிக்குச் சந்தோஷம்.

பழைய பிடியை நான் கேட்டு வாங்கினேன்.
வெளிப்புறம் கறுத்துப்போயிருந்தது.
உள்வளைவு மட்டும் மினுங்கியது,
ஏமாந்த விரல்கள் தேய்த்த மினுக்கம்.

ஜிந்துப்பிட்டி அறையில்
கதவில்லாத சுவரில் அதைப் பூட்டினேன்.
ஈரக் குடை தொங்கவிடுகிறேன்.
காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பொடியன்
அந்தப் பக்கம் என்ன அறை அக்கா என்றான்.
பக்கத்து வீட்டுக்காரரின் குசினி, என்றேன்.

சில இரவுகளில் குடையை எடுத்து வைத்துவிட்டு
நாலு விரலையும் நுழைத்து
ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன்.
பிறகு
இடமும் வலமும் பார்த்துவிட்டு
இன்னும் ஒருதரம்.